தராசில் வைக்க முடியாத துகள்

முன்னுரை

தமிழ்ப்பள்ளியில் படித்தபோது கணிதப் பாடத்தில் ‘பொருண்மை’ என்றொரு தலைப்பு இருந்தது. ஆசிரியர் மேசைமேல் ஒரு தராசை வைத்து, ஒரு தட்டில் எடைக்கல்லையும் மறு தட்டில் நாங்கள் கொண்டு வந்த அழிப்பான், பென்சில் பெட்டி, மாம்பழம் போன்றவற்றையும் வைக்கச் சொல்வார். முள் நடுவில் நின்றால் கணக்கு முடிந்தது. இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் அதே பொருண்மை மலாய்மொழியில் ‘ஜிசிம்’ ஆனது. பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்க வந்ததும் ஆங்கிலத்தில் ‘மாஸ்’ ஆனது. மொழி இரண்டு முறை மாறியதே தவிர, என் மனத்தில் இருந்த அந்தத் தராசு மாறவில்லை.

சென்ற விடுமுறையில் வீட்டிற்குச் சென்றிருந்தேன். என் பாட்டி இளமையில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நாள்தோறும் வாளியில் பால் சுமந்து வந்து நிறுத்துக் கொடுத்தவர். “என்னய்யா படிக்கிற?” என்று கேட்டார். “நியூட்ரினோன்னு ஒரு துகள் பாட்டி. அதோட எடையைக் கண்டுபிடிக்கிறதைப் பத்திப் படிக்கிறேன்” என்றேன். “தராசுல வைப்பீங்களா?” “வைக்க முடியாது பாட்டி. பிடிச்சு நிறுத்தவே முடியாது.” “பிடிக்க முடியாததை எப்படிய்யா நிறுக்கிறது?”

நியாயமான கேள்விதான். ஆனால், பாடத்தையெல்லாம் ஆங்கிலத்தில் படித்துத் தேர்வும் எழுதிய எனக்கு, அக்கேள்விக்குத் தமிழில் உடனே பதில் சொல்ல வரவில்லை. இக்கட்டுரை அந்தப் பதிலைத் தேடும் ஒரு சிறு முயற்சியாகும்.

நியூட்ரினோ என்றால் என்ன?

சில அணுக்கருக்கள் சிதையும்போது எலக்ட்ரான் ஒன்று வெளிப்படும். அந்த எலக்ட்ரான் கொண்டு செல்லும் சக்தியைக் கணக்கிட்டபோது, இருக்க வேண்டிய அளவைவிடக் குறைவாக இருந்தது. காணாமல் போன சக்தியைக் கண்ணுக்குத் தெரியாத வேறொரு துகள் எடுத்துச் சென்றிருக்க வேண்டும் என்று 1930ஆம் ஆண்டு வோல்ஃப்காங் பாவ்லி என்ற அறிவியலாளர் கருதினார். அத்துகளுக்குப் பின்னர் நியூட்ரினோ என்ற பெயர் நிலைத்தது. அது உண்மையிலேயே இருக்கிறது என்பதை 1956ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரெய்ன்ஸ், கோவன் ஆகிய இருவர் ஓர் அணு உலையின் அருகே சோதனை நடத்தி உறுதிப்படுத்தினர். இடையில் இருபத்தாறு ஆண்டுகள் கடந்துவிட்டன.

ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று? நியூட்ரினோவுக்கு மின்னூட்டம் இல்லை. மற்றப் பொருள்களோடு அது மோதுவது மிக மிக அரிது. சூரியனில் இருந்து புறப்படும் நியூட்ரினோக்களில் ஏறத்தாழ 65 பில்லியன், ஒவ்வொரு வினாடியும் நம் கட்டைவிரல் நகத்தின் ஊடே கடந்து செல்கின்றன. இரவில் பூமிக்கு மறுபுறம் இருக்கும் சூரியனில் இருந்தும் அவை பூமியைத் துளைத்துக்கொண்டு வருகின்றன. நாம் எதையும் உணர்வதில்லை.

அப்படிப்பட்ட துகளுக்குப் பொருண்மை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று நினைக்கத் தோன்றும். இங்கேதான் எண்ணிக்கை முக்கியமாகிறது. பேரண்டத்தின் தொடக்கத்தில் உண்டான நியூட்ரினோக்கள், இன்றும் வெட்டவெளியில் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் 300க்கும் மேல் இருக்கின்றன என்பது கோட்பாட்டுக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் சிறிதளவு பொருண்மை இருந்தாலும், மொத்தமாகக் கூட்டினால் பேரண்டத்தின் வடிவத்தையே அது மாற்றிவிடும்.

துகள்களின் பொருண்மையை எலக்ட்ரான்வோல்ட் என்ற அலகில் குறிப்பது வழக்கம். எலக்ட்ரானின் பொருண்மை சுமார் 511,000 எலக்ட்ரான்வோல்ட். 1980ஆம் ஆண்டு மாஸ்கோவைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்று, நியூட்ரினோவின் பொருண்மை சுமார் 30 எலக்ட்ரான்வோல்ட் அளவில் இருக்கலாம் என்று அறிவித்தது. அது உண்மையானால், எல்லா விண்மீன்களையும் சேர்த்தாலும் நியூட்ரினோக்களின் மொத்தப் பொருண்மையே அதிகமாக இருக்கும். ஆகவே, அந்த 30 சரியா தவறா என்பது அன்றைய பெரிய கேள்வியாக இருந்தது.

வேகத்தில் தெரியும் பொருண்மை

பொருண்மை இல்லாத துகள் எப்போதும் ஒளியின் வேகத்திலேயே செல்லும். ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியல் கோட்பாடு இதைச் சொல்கிறது. பொருண்மை உள்ள துகளோ எவ்வளவு சக்தி பெற்றாலும் ஒளியின் வேகத்தை எட்ட முடியாது. சக்தி கூடக் கூட அது அவ்வேகத்தை நெருங்கும், அவ்வளவுதான்.

இதைப் பள்ளியில் நடக்கும் நெடுந்தூர ஓட்டத்தோடு ஒப்பிடலாம். ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடும் இரு மாணவர்களை 50 மீட்டர் ஓடவிட்டால் யார் மெதுவானவர் என்று சொல்வது கடினம். அவர்களையே பல கிலோமீட்டர் ஓடவிட்டால் சிறிய வேறுபாடும் பெரிய இடைவெளியாகிவிடும். நியூட்ரினோவுக்கும் அப்படித்தான். அதற்கு மிக நீண்ட ஓடுதளம் தேவை. பூமியில் அப்படி ஒன்று கிடையாது, விண்வெளியில் உண்டு. தொலைவில் உள்ள ஒரு விண்மீன் வெடித்து, அதிலிருந்து புறப்படும் நியூட்ரினோக்கள் எப்போது வந்து சேர்கின்றன என்று பார்த்தால் பொருண்மையை அறியலாம் என்ற கருத்தை 1968ஆம் ஆண்டிலேயே சோவியத் அறிவியலாளர் ஜாட்செபின் முன்வைத்தார். ஓட்டம் தொடங்க ஒரு விண்மீன் வெடிக்க வேண்டும். அதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1987 பிப்ரவரி 23

நம் பால்வீதிக்கு அருகே பெரிய மெகல்லன் மேகம் என்ற சிறிய விண்மீன் மண்டலம் ஒன்று உள்ளது. நம் நாட்டில் இருந்து பார்த்தால் தென்வானில் தாழ்வாக இருக்கும். அது ஏறத்தாழ 168,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அங்கே ஒரு நீலப் பெருவிண்மீனின் மையம் தன் எடையைத் தானே தாங்க முடியாமல் உள்நோக்கிச் சரிந்தது. இப்படிச் சரிந்து வெடிப்பதையே சூப்பர்நோவா என்கிறோம். அதில் வெளிப்படும் சக்தியில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை நியூட்ரினோக்களே கொண்டு செல்கின்றன. நாம் காணும் வெளிச்சமெல்லாம் எஞ்சிய ஒரு பங்கிலும் சிறு பகுதிதான்.

அந்த நியூட்ரினோக்கள் 168,000 ஆண்டுகள் பயணம் செய்து, 1987ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், மலேசிய நேரப்படி பிற்பகல் மணி 3.35 அளவில் பூமியை வந்தடைந்தன. அன்று திங்கட்கிழமை. அந்தச் சில வினாடிகளில் இந்நாட்டில் இருந்த ஒவ்வொருவரின் உடலையும் டிரில்லியன் கணக்கான நியூட்ரினோக்கள் கடந்து சென்றன. நம் தாத்தா பாட்டிகளும் அவர்களுள் அடங்குவர். ஒருவருக்கும் தெரியாது.

தெரிந்து கொண்டவை மூன்று கருவிகள். முதலாவது, ஜப்பானின் கமியோக்கா சுரங்கத்தில் சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் இருந்த கமியோக்காண்டே. அது தூய நீர் நிரம்பிய பெரிய தொட்டி. நியூட்ரினோ நீரில் உள்ள புரோட்டானோடு மோதினால் ஒரு பாசிட்ரான் தோன்றும். அது நீரில் விரைந்து செல்லும்போது மெல்லிய நீல ஒளி வீசும். செரென்கோவ் ஒளி என்பது அதன் பெயர். தொட்டியின் சுவரெங்கும் பதித்திருந்த ஏறத்தாழ ஆயிரம் ஒளியுணர் குழாய்கள் அந்த ஒளியைப் பதிவு செய்தன. இரண்டாவது, அமெரிக்காவில் ஈரி ஏரியை ஒட்டிய உப்புச் சுரங்கத்தில் இருந்த ஐ.எம்.பி. கருவி. மூன்றாவது, சோவியத் நாட்டின் காக்கசஸ் மலைக்கு அடியில் இருந்த பக்சான் கருவி.

ஏன் எல்லாம் நிலத்துக்கு அடியில் உள்ளன? மேலே இருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களை மண்ணும் பாறையும் தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும். இந்த ஆய்வில் இந்தியாவுக்கும் முக்கிய இடம் உண்டு. காஸ்மிக் கதிர்களால் வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலில் கண்டறிந்த இடங்களுள் ஒன்று கோலார் தங்கவயல். அது நடந்தது 1965ஆம் ஆண்டு, 2 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில். அந்தச் சுரங்கங்களை உழைப்பால் உருவாக்கிய தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். நம் முன்னோர் இங்கே இரப்பர் தோட்டத்திற்கு வந்தது போலவே, அவர்கள் அங்கே பிழைப்புத் தேடிப் போனவர்கள்.

மீண்டும் 1987க்கு வருவோம். கமியோக்காண்டேயில் 11, ஐ.எம்.பி.யில் 8, பக்சானில் 5 என மொத்தம் 24 நியூட்ரினோக்கள் பதிவாயின. ஜப்பானில் இருந்தும் அமெரிக்காவின் வடபகுதியில் இருந்தும் பெரிய மெகல்லன் மேகம் எந்நாளும் தெரியாது. அது தொடுவானத்துக்குக் கீழேயே இருக்கும். ஆகவே அந்நியூட்ரினோக்கள் பூமியின் உள்ளே புகுந்து, கீழிருந்து மேலாகக் கருவிகளை வந்தடைந்தன.

வெடிப்பின் ஒளி சுமார் மூன்று மணி நேரம் கழித்தே வந்தது. அப்படியானால் நியூட்ரினோ ஒளியைவிட வேகமானதா? இல்லை. மையத்தில் தொடங்கிய அதிர்வு விண்மீனின் மேற்பரப்பை அடையச் சில மணி நேரம் ஆகும். அதன் பிறகே ஒளி புறப்பட முடியும். நியூட்ரினோ அதற்கு முன்னரே கிளம்பிவிட்டது. சிலி நாட்டில் உள்ள வானாய்வு நிலையத்தில் ஒளிப்படத் தகட்டில் புதிய விண்மீனைக் கண்ட இயன் ஷெல்டன், பின்னர் வெளியே வந்து வெறும் கண்ணாலும் அதைக் கண்டார்.

கணக்கு

இப்போது நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒளியோடு ஒப்பிடும்போது நியூட்ரினோ எவ்வளவு தாமதமாகும் என்பதற்கு எளிய விதி ஒன்று உண்டு. பொருண்மையைச் சக்தியால் வகுத்து, அதன் வர்க்கத்தைக் கண்டு, ஒளி எடுத்துக்கொண்ட பயண நேரத்தில் பாதியால் பெருக்க வேண்டும்.

168,000 ஆண்டுகள் என்பது சுமார் 5.3 டிரில்லியன் வினாடிகள். அதில் பாதி 2.65 டிரில்லியன். பொருண்மை மாஸ்கோ குழு சொன்ன 30 எலக்ட்ரான்வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். சக்தி 10 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் என்றால், இரண்டின் விகிதம் மில்லியனில் 3 பங்கு. அதன் வர்க்கம் டிரில்லியனில் 9 பங்கு. 2.65 டிரில்லியனோடு பெருக்கினால் டிரில்லியன்கள் நீங்கி, 2.65 பெருக்கல் 9, அதாவது ஏறத்தாழ 24 வினாடி என்று வரும். சக்தி இருமடங்காகி 20 மில்லியன் ஆனால் தாமதம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்து 6 வினாடியாகிவிடும். 168,000 ஆண்டுப் பயணத்தில் வேறுபாடு வெறும் 18 வினாடி! ஆயினும் அதை ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தாலும் அளக்கலாம்.

இனிக் கமியோக்காண்டேயின் பதிவைப் பார்ப்போம். முதலில் வந்தது சுமார் 20 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் சக்தியைக் காட்டியது. அதற்குப் பின் 0.3 வினாடியிலேயே 10 மில்லியனுக்கும் குறைவான சக்தி காட்டியவை இரண்டு வந்துவிட்டன. சக்தி அளவீட்டில் சற்றுப் பிழை உண்டு என்றாலும், பொருண்மை 30 என்றால் அவை இருபது வினாடி அளவுக்குப் பின்தங்கியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. முதல் இரண்டு வினாடிக்குள் 8 நியூட்ரினோக்களும், 9ஆம் வினாடிக்கும் 13ஆம் வினாடிக்கும் இடையில் மற்ற மூன்றும் வந்து, எல்லாம் 13 வினாடிக்குள் முடிந்துவிட்டது. 30 என்ற எண்ணுக்கு அங்கே இடமே இல்லை.

பாட்டியின் கேள்வி

இந்தக் கதையை நெடுந்தூர ஓட்டத்தை வைத்துப் பாட்டியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கடைசியா வந்த மூணும் மெதுவா ஓடுனதுன்னு எப்படிய்யா சொல்லுவ? லேட்டா கிளம்பியிருந்தா?” என்றார்.

வியந்து போனேன். 1987இல் இருந்து இத்துறை அறிஞர்கள் எழுதிய ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியைப் பற்றியதே! எல்லா நியூட்ரினோக்களும் ஒரே நொடியில் புறப்பட்டிருந்தால் தாமதம் முழுவதையும் பொருண்மையின் கணக்கில் எழுதலாம். ஆனால், விண்மீனின் மையம் சரிந்து உருவாகும் நியூட்ரான் விண்மீன் மிகுந்த வெப்பமுடையது. அது சுமார் பத்து வினாடி வரை நியூட்ரினோக்களை வெளியிட்டபடியே குளிர்கிறது. ஆகவே கடைசி மூன்றும் தாமதமாகக் கிளம்பியவையாகவே இருக்கலாம்.

இதனால்தான் இந்த ஆய்வு ‘நியூட்ரினோவின் பொருண்மை இவ்வளவு’ என்று சொல்லவில்லை. ‘இதற்கு மேல் இருக்க முடியாது’ என்று மட்டுமே சொல்கிறது. பொருண்மை 10 எலக்ட்ரான்வோல்ட் என்றால் தாமதம் 2.65 வினாடிதான், அது பத்து வினாடிப் புறப்பாட்டுக்குள் எளிதில் மறைந்துவிடும். நியூட்ரான் விண்மீன் குளிரும் விதத்தையும் சேர்த்து 24 நியூட்ரினோக்களையும் நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள், 2010ஆம் ஆண்டளவில் 5.8 எலக்ட்ரான்வோல்ட் என்ற மேல் எல்லையைக் கண்டனர். வெறும் இரண்டு டஜன் துகள்களைக் கொண்டு இந்த அளவுக்கு வந்தது பெரிய செய்தியே.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். அன்று கமியோக்காண்டேயின் கடிகாரம் உலக நேரத்தோடு ஒப்பிடுகையில் ஒரு நிமிடம் வரை தவறியிருக்கக் கூடும். அதனால் மூன்று கருவிகளின் பதிவுகளையும் ஒரே நேரக் கோட்டில் துல்லியமாக அடுக்க முடியவில்லை. பல்லாண்டு உழைப்பில் கட்டிய கருவியிலும் கடிகாரம் போன்ற சிறிய பொருள் ஒன்று எவ்வளவு முக்கியம் என்பதை இதனால் உணரலாம்.

தொலைவு மட்டும் போதுமா?

ஓடுதளம் நீளமாக இருந்தால் போதும் என்றால், இன்னும் தொலைவில் இருந்து வருபவற்றைப் பயன்படுத்தலாமே என்று கேட்கத் தோன்றும். 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், தென்துருவப் பனிக்கட்டிக்குள் உள்ள ஐஸ்கியூப் கருவியில் ஒரு நியூட்ரினோ பதிவானது. சுமார் 4 பில்லியன் ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒரு விண்மீன் மண்டலத்தில் இருந்து அது வந்திருக்கக் கூடும் என்று கருதப்படுகிறது. ஆனால் அதன் சக்தி ஏறத்தாழ 290 டிரில்லியன் எலக்ட்ரான்வோல்ட். பொருண்மை 1 எலக்ட்ரான்வோல்ட் என்று வைத்து மேற்சொன்ன விதியில் போட்டால், அத்தனை தொலைவுக்கும் தாமதம் ஒரு வினாடியை டிரில்லியன் கூறாக்கியதில் ஒரு கூறு அளவைத் தாண்டாது. எந்தக் கடிகாரமும் அதைப் பிடிக்காது. ஆகவே, தொலைவு அதிகமாகவும் சக்தி குறைவாகவும் இருக்க வேண்டும். அத்துடன் புறப்பட்ட நேரமும் தெரிய வேண்டும். மூன்றும் ஓரளவுக்குச் சேர்ந்து அமைவது சூப்பர்நோவாவில்தான்.

இன்றைய நிலை

நியூட்ரினோக்கள் மூன்று வகைப்படும். அவை பயணத்தின்போது ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுகின்றன என்பதை 1998ஆம் ஆண்டு ஜப்பானின் சூப்பர் கமியோக்காண்டேயும், 2001, 2002ஆம் ஆண்டுகளில் கனடாவின் சட்பரி ஆய்வகமும் காட்டின. பொருண்மை இல்லாத துகள் இப்படி மாற முடியாது. இதற்காகக் கஜிட்டா, மெக்டொனால்ட் இருவரும் 2015ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். கமியோக்காண்டேயை உருவாக்கிய கொஷிபா அதற்கு முன்பே 2002இல் அப்பரிசைப் பெற்றிருந்தார். அவர் பணி ஓய்வு பெற ஒரு மாதமே இருந்தபோது அந்த 11 நியூட்ரினோக்கள் வந்தன என்பது சுவையான செய்தி.

வகை மாறும் ஆய்வுகள், குறைந்தது ஒரு வகை நியூட்ரினோவாவது சுமார் 0.05 எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் குறையாத பொருண்மை உடையது என்று காட்டுகின்றன. இது கீழ் எல்லை. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் உள்ள கட்ரின் ஆய்வு, டிரிட்டியம் சிதைவதை அளந்து, 2025ஆம் ஆண்டில் மேல் எல்லையை 0.45 எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கொண்டு வந்தது. எலக்ட்ரானின் பொருண்மையில் இது மில்லியனில் ஒரு பங்கைவிடக் குறைவு.

அப்படியானால் சூப்பர்நோவாவின் வேலை முடிந்துவிட்டதா? இல்லை என்றே சொல்லலாம். ஆய்வகத்தில் ஒரு வழியாகவும் விண்வெளியில் முற்றிலும் வேறு வழியாகவும் கண்ட விடைகள் ஒத்துப்போனால்தான் நம்பிக்கை பிறக்கும். நம் பால்வீதியில் நூறு ஆண்டுக்கு ஒன்று முதல் மூன்று சூப்பர்நோவாக்கள் நிகழும் என மதிப்பிடப்படுகிறது. அடுத்தது நிகழும்போது 50,000 டன் நீர் கொண்ட சூப்பர் கமியோக்காண்டேயில் மட்டுமே ஆயிரக்கணக்கான நியூட்ரினோக்கள் பதிவாகும். சீனாவில் 20,000 டன் ஒளிர்திரவம் கொண்ட ஜூனோ கருவி 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பணியைத் தொடங்கியது.

வெடித்த விண்மீன் கருந்துளையாக மாறினால் பாட்டியின் கேள்விக்கும் ஒரு வழி பிறக்கும். கருந்துளை உருவான அக்கணமே நியூட்ரினோ வெளிப்பாடு சட்டென்று நின்றுவிடும். அதற்குப் பிறகு எதுவும் கிளம்ப முடியாது. அந்த முடிவுக்குப் பின்னும் சில நியூட்ரினோக்கள் வந்து சேர்ந்தால், அவை தாமதமாகக் கிளம்பியவை அல்ல, மெதுவாக வந்தவையே.

முடிவுரை

பிடிக்க முடியாததை எப்படி நிறுப்பது? அதை ஓடவிட்டு, வந்து சேரும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு தாமதமோ அவ்வளவு பொருண்மை. தாமதமே இல்லை என்றால் அதுவும் ஒரு விடைதான். ‘இதற்கு மேல் இல்லை’ என்று அது சொல்லும். இவ்வளவுதான் பாட்டிக்கு நான் சொல்ல வேண்டிய பதில்.

இதைச் சொல்லப் பொருண்மை, சக்தி, வேகம், நேரம் என்ற நான்கு சொற்களே பெரிதும் தேவைப்பட்டன. நான்கும் தமிழ்ப்பள்ளியில் நம் ஆசிரியர்கள் கற்றுக் கொடுத்தவை. எஞ்சிய துகள்களின் பெயர்கள் எந்த மொழிக்கும் புதியவையே. ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் சொல்ல முயன்றபோதுதான், எனக்கு எது உண்மையில் புரிந்திருந்தது, எதை மனப்பாடம் மட்டுமே செய்திருந்தேன் என்பது தெரிந்தது. பாட்டி கேட்ட அந்தக் கேள்வி விரிவுரை அறையில் ஒரு முறைகூட எனக்குத் தோன்றியதில்லை.

மருத்துவம், சட்டம், பொறியியல், கணக்கியல் என்று பல துறைகளில் பயிலும் நண்பர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் துறையில் ஒன்றை வீட்டில் உள்ள பெரியவர்களுக்குத் தமிழில் விளக்கிப் பாருங்கள். அவர்கள் கேட்கும் கேள்வி உங்களையும் மீண்டும் நூலகத்துக்கு அனுப்பும்.